முறையும் பூட்டும்: பல்லிழைச் செய்நிரல்களில் நியம வெளியீடு

ஒரே செய்நிரலினுள் பல பணித்தொடர்கள் சமகாலத்தில் இயங்குமாறு அமைக்கப்படும்பொழுது அவை ஒவ்வொன்றும் இழை எனப்படும். திரையிலோ கோப்பிலோ எழுதுவதற்கான நியம வெளியீட்டு ஓடை இவ்விழைகள் யாவற்றுக்கும் பொதுவானது. அதில் எழுதும் ‘பிரின்ட்எஃப்’ முதலிய சார்புகள் இழைகளுக்குப் பாதுகாப்பானவை எனப்படுகின்றன. அப்பாதுகாப்பின் எல்லை யாது என்பதையே இங்கு நாம் நோக்குகின்றோம்.

1970களின் தொடக்கத்தில் சி மொழி உருவானபோது அதன் நூலகம் இழைகளைக் கருத்திற் கொண்டிருக்கவில்லை. 1995இன் போசிக்ஸ் நியமமே இழைகளுக்கான விதிகளை வகுத்து, வெளியீட்டுச் சார்புகள் ஓடையைப் பூட்டி எழுதிப் பின் திறப்பனபோல் நடத்தல் வேண்டுமென விதித்தது. 2011இன் சி நியமமும் ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு பூட்டு உண்டென ஏற்றது. எனவே ஓர் அழைப்பின் நடுவே மற்றோர் அழைப்புப் புகாது. ஆயின் இரண்டு அழைப்புக்களுக்கிடையே ஓடை பூட்டற்றே கிடக்கும். ஓர் இழை ஒருவரின் பெயரை ஓர் அழைப்பிலும் அவருக்குரிய தொகையை மறு அழைப்பிலும் எழுதுமாயின், இடையே புகுந்த வேறோர் இழையின் தொகை அப்பெயரின் அருகே அமரலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் இதனைத் தெளிவாக்கும். வற்றாத ஆறுகளற்ற இந்நிலத்திற் கிணறு பங்காளிகள் பலருக்கு உரியதாதலும், அவர்கள் முறைவைத்து இறைத்தலும் வழக்கு. துலாவினால் இறைத்த காலத்தில், பங்காளிகள் இருவர் ஒவ்வொரு பட்டை நீராக மாறிமாறித் தத்தம் தோட்டத்துக்கு இறைத்திருப்பின் ஒரு பட்டையும் சிந்தியிராது. ஆயினும் நீர் வாய்க்காலிலேயே சுவறி, எவர் பயிருக்கும் எட்டியிராது. அதனால் முறை பட்டைக்கன்றி இறைப்புக்கே வகுக்கப்பட்டது. நியம நூலகம் தருவது பட்டைக்குரிய பூட்டு. இறைப்புக்குரிய முறையைச் செய்நிரலாளரே வகுத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்திற் சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ‘யாழ்’ என்னும் சொல்லில் நாம் காண்பன 2 எழுத்துக்கள். யூனிக்கோட்டில் அவை 4 குறியீடுகள். யூரிஎஃப்-8 முறையில் 12 பைற்றுக்கள். ‘புட்சார்’ கொண்டு ஒவ்வொரு பைற்றாக எழுதினால் ஒவ்வோர் அழைப்பும் பாதுகாப்பாகவே நிறைவேறும். எனினும் இரு இழைகளின் பைற்றுக்கள் கலந்து எழுத்தே சிதையும். ஆங்கிலத்தில் ஓரெழுத்து ஒரு பைற்றாதலின், அங்கு சொல் குழம்பினும் எழுத்து உடைவதில்லை. ஆங்கிலத்தால் மட்டும் சோதிக்கப்பட்ட செய்நிரலில் இக்குறை புலப்படாது.

பரிகாரங்கள் இரண்டு. முழு வாக்கியத்தையும் நினைவகத்தில் அமைத்து ஒரே அழைப்பில் எழுதலாம். அன்றேல் போசிக்ஸின் ‘எஃப்லொக்ஃபைல்’ சார்பினால் ஓடையைப் பூட்டி, அழைப்புக்கள் யாவும் முடிந்தபின் ‘எஃப்அன்லொக்ஃபைல்’ சார்பினால் திறக்கலாம். இப்பூட்டு ஒரு செய்நிரலின் இழைகளையே கட்டுப்படுத்தும். அதே கோப்பில் எழுதும் வேறொரு செய்நிரலைத் தடுக்காது.

செய்நிரல் பிழைக்கும்போது நிகழ்ந்ததற்குச் சான்று அதன் பதிவே. இருவர் கூற்று ஒரு வரியிற் கலப்பின், எவரும் பொய் உரையாமலே பொய்ச்சான்று பிறக்கின்றது. உறுப்புக்கள் தனித்தனியே பழுதற்றவை என்பதனால் முழுமையும் பழுதற்றதெனக் கொள்ளல் தகாது.