கடல் கடந்து கற்பாரும் கணக்குப் புத்தகமும்

வெளிநாடு சென்று கல்வி கற்கப் புறப்படும் பிள்ளைக்கு நம்மவர் கூறியனுப்பும் புத்திமதிகள் பல. குளிருக்குக் கம்பளி வேண்டும் என்பர்; மிளகாய்த் தூளை மறவாதே என்பர்; சேர்க்கையறிந்து பழகு என்பர். ஆயின், சென்றிறங்கிய ஊரிலே வங்கிக் கணக்கொன்றைத் திறப்பது எங்ஙனம் என்பதை மட்டும் எவரும் சொல்லியனுப்புவதில்லை. அது அற்ப காரியம் என்பது அவர்தம் எண்ணம் போலும். கட்டணம் செலுத்தும் கடைசி நாள் நெருங்க, வீட்டார் திரட்டிய பணம் கடலின் இக்கரையிலும், பிள்ளை அக்கரையிலுமாக நிற்கும்போதுதான் அதன் அருமை விளங்கும்.

மன்னார்க் கரையோரத்தவர்க்கு இது புதிய சங்கதியன்று. 1857 ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதற் பட்டத் தேர்விலே தேறிய கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் ஈழநாட்டவரே. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பலும் ஓடத் தொடங்கியபின், பட்டப்படிப்பை நாடிய நம் இளைஞர் பலர் பெட்டி படுக்கையுடன் அவ்வழியே சென்றனர். அக்காலத்தில் இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சமமதிப்புடையனவாக இருந்தன. ஆதலின் பணம் அனுப்புவதில் இன்றுள்ள சிக்கல்கள் பெரும்பாலும் இருந்தில. 1950 இல் இலங்கைக்கு மத்திய வங்கியும், 1953 இல் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயிற்று. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980 களிலே நின்றது. தலைமன்னார் வரையிலான புகையிரதம் 2015 இல் மீண்டும் வந்ததாயினும், அதிலேறித் துறைமுகத்தை அடைவோர் கடலைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். இன்று மன்னார் மாணாக்கன் தமிழகம் செல்ல வேண்டின் விமானத்தையோ, 2023 இல் தொடங்கிய காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலையோ நாட வேண்டியவனாகிறான்.

இனி விதிகளைப் பார்ப்போம். இந்தியாவிலே படிக்கும் வெளிநாட்டு மாணவர்க்கு உரியது என். ஆர். ஓ. எனப்படும் கணக்கு, அந்நாட்டில் நிரந்தர வாசமில்லாதோர் வைத்திருக்கும் சாதாரண ரூபாய்க் கணக்கு என்று அதற்குப் பொருள் கொள்க. விசாவும் குடிவரவு முத்திரையும் கொண்ட கடவுச்சீட்டு, சொந்த நாட்டு அடையாளத்தையும் விலாசத்தையும் காட்டும் சான்று, புகைப்படம், கல்வி நிலையம் அளித்த அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு இதனைத் திறக்கலாம் என இந்திய ரிசர்வ் வங்கியின் விதி கூறுகின்றது. அங்குள்ள விலாசத்தை உடனே நிரூபிக்க வேண்டுவதில்லை. அதற்கு 30 நாள் தவணை உண்டு. வந்திறங்கிய மாணவனுக்கு விடுதி அறை கிடைக்கவே சில நாட்கள் செல்லுமாதலின், இது இரக்கமுள்ள விதியே.

ஆனால் அவ்விரக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த 30 நாட்களுள் வெளிநாட்டிலிருந்து 1,000 அமெரிக்க டொலருக்கு மேல் அக்கணக்கில் வந்து சேர முடியாது. அக்காலத்தில் அக்கணக்குக்கு மொத்தமாக 50,000 ரூபாய் என்ற வரம்பும் உண்டு. இதனையறியாத பெற்றோர், ஓராண்டுக் கட்டணம் முழுவதையும் பிள்ளையின் கணக்குக்கே அனுப்ப முனைவர். பணம் திரும்பிவரும், அல்லது நடுவழியில் நிற்கும். கட்டண நாளோ நில்லாது. கட்டணத்தைச் சர்வகலாசாலையின் கணக்குக்கே நேராக அனுப்பிவிட்டு, உண்டி உறையுளுக்கு வேண்டியதை மட்டும் பிள்ளையின் கணக்குக்கு அனுப்புதல் நன்று. 2017 இன் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, கல்விச் செலவுக்கான பணத்தை இலங்கை வங்கிகள் மூலம் அனுப்ப இடமுண்டு. அனுமதிக் கடிதமும் கட்டண விவரமும் கையில் இருக்க வேண்டும். வங்கியிலே இதனைத் 'தந்தி மாற்று' என்பர். இந்தியாவில் தந்திச் சேவை 2013 இல் மூடப்பட்டும், அப்பெயர் மட்டும் சாகாதிருப்பது வேடிக்கையே!

விதி ஒருபுறமிருக்க, வங்கி எழுத்தர் வேறொருபுறம் இருக்கிறார். "ஆதார் அட்டை எங்கே?" என்பது அவருடைய முதற்கேள்வியாக இருத்தல் கூடும். பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் வாழ்ந்த பின்னரே வெளிநாட்டவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். நேற்று வந்தவனிடம் அது இருத்தற்கு வழியேது? இத்தகைய இடத்தில் வாதாடிப் பயனில்லை. சர்வகலாசாலை வளாகத்திலோ அதனை அடுத்தோ உள்ள கிளைக்குச் செல்வதே உசிதம். அங்குள்ளோர் வெளிநாட்டு மாணவரைக் கண்டு பழகியவராயிருப்பர்.

விலாசச் சான்று விஷயத்திலே நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பேசாலையிலோ விடத்தல்தீவிலோ, மின்சாரக் கட்டணச் சீட்டு பாட்டனார் பெயரில் இருக்கும். வீட்டுக்கு இலக்கமே இராது. கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட வதிவிடச் சான்றை ஆங்கிலத்திலே பெற்றுக்கொண்டு புறப்படுதல் வேண்டும்.

பெயரோ இதனினும் பெரிய தொல்லை. குரூஸ், லெம்பேட் முதலிய குடும்பப் பெயருடையோர் தப்பினர். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இட்டு எழுதும் வழக்கமுடைய நாம், கடவுச்சீட்டில் அதனை விரித்தும், பரீட்சைச் சான்றிதழில் சுருக்கியும், பிறப்புப் பத்திரத்தில் வேறோர் ஒழுங்கிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஒரே 'த' கரத்தை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஓரெழுத்தாலும் பிறிதோரிடத்தில் ஈரெழுத்தாலும் எழுதுவோம். வங்கிக்கு இவர்கள் இரு வேறு ஆட்கள்! கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே பத்திரங்களை ஒருசேரப் பரப்பி, எழுத்துக்கெழுத்து ஒப்புநோக்குதல் பெற்றோர் கடன்.

மன்னார்ப் பிள்ளைகளுள் இன்னொரு சாராரும் உளர். 1983 க்கும் 1990 க்கும் பின்னே படகேறிச் சென்று மண்டபம் முதலிய முகாம்களில் வாழ்ந்தோரின் மக்கள் இவர்கள். மண்டபத்து முகாமோ, முன்னாளில் தோட்டத் தொழிலாளரை இலங்கைக்கு அனுப்புமுன் தங்கவைத்த இடம். யுத்தம் 2009 இல் முடிந்தபின் ஊர் திரும்பிய குடும்பத்துப் பிள்ளை, மேற்படிப்புக்குத் தமிழகம் செல்லின், தான் பிறந்த மண்ணிலேயே விசாவுடன் வந்த அந்நியனாக வங்கியின் வாசலில் நிற்கிறான். அவனுடைய பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் இந்தியாவினுடையவை, கடவுச்சீட்டு இலங்கையினுடையது. எழுத்தர் மயங்குவதில் வியப்பென்ன? அவன் தன் குடியுரிமைப் பத்திரத்தின் பிரதியையும் உடன் வைத்திருப்பது நலம்.

இனி, சொல்லாமல் விடலாகாத ஒன்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒரு காலத்தில் நடத்திய உண்டியல், நாணயத்துக்குப் பேர்போன முறை. அப்பெயரை இன்று சூடிக்கொண்டுள்ள இரகசியப் பணமாற்று அதனின் வேறு. இரு நாட்டிலும் சட்டவிரோதமானது. 2022 இல் டொலர் ஒன்றின் விலை 200 ரூபாயளவிலிருந்து 360 ஐத் தொட்டு, வங்கியிலும் டொலர் அரிதானபோது, பெற்றோர் இவ்வழியை நினைத்ததில் வியப்பில்லை. பிள்ளை அங்கே பசித்திருக்கையில் யார்தான் நினையார்? எனினும் அதன் முடிவைப் பாருங்கள். முன்பின் அறியாத ஒருவர் மாணவனின் கணக்கில் பணம் இடுவார். அப்பணம் எவரையேனும் ஏமாற்றிப் பெற்றதாயின், பொலிசார் முடக்குவது மாணவனின் கணக்கை. விசாரணைக்கு அழைப்பதும் அவனையே. "உன் கணக்கைச் சில நாள் தா, கூலி தருகிறேன்" என்று வரும் நண்பனும் இவ்வினத்தைச் சேர்ந்தவனே.

ஏனைய நாடுகளில் நடைமுறை வேறு. ஜெர்மனியில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே முடக்கக் கணக்கொன்றில் இட்டுக் காட்டுதல் பெருவழக்கு. 2024 செப்டெம்பரிலிருந்து அத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். பிரித்தானிய விசாவுக்கோ, வேண்டிய பணம் 28 நாட்கள் இடைவிடாது கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இந்தியக் கணக்குக்கே மீள்வோம். அதன் வட்டியில் 30 வீதத்துக்கும் சற்று மேலாக வரி பிடிக்கப்படும்; ஆகவே பெருந்தொகையை அங்கே உறங்கவிடுவதில் இலாபமில்லை. படிப்பு முடிந்தபின் எஞ்சிய பணத்தை நாட்டுக்குத் திருப்பி அனுப்ப விதி இடமளிக்கின்றது; ஆனால் அப்பணம் வங்கி வழியாக வெளிநாட்டிலிருந்து வந்ததென்றோ, உதவித் தொகையாகக் கிடைத்ததென்றோ காட்டுதல் வேண்டும். அதற்கு முதலாண்டிலிருந்தே ஒவ்வோர் அனுப்புதலுக்கும் உரிய சீட்டை ஒரு கோவையிலே சேர்த்து வைத்தல் அவசியம். கணக்கை மூடும் விண்ணப்பத்தையும் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். பயணச்சீட்டு நாளன்று காலையிலே சென்று கேட்டால் வங்கியார் செய்து தரமாட்டார்.