வீட்டு நிதி மந்திரிக்குக் கையெழுத்து உரிமை உண்டா?

"எங்க வீட்டுல நிதி மந்திரி, உள்துறை மந்திரி எல்லாம் அவதான் சார்... நான் சும்மா ஜனாதிபதி!"

கோம்பை டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் இப்படி அவிழ்த்துவிட, நாலு பேர் சிரித்தார்கள். ஓசியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நானும் சிரித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்து நின்றது. கேரள மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள், தூக்குவாளியும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க... குழுவுக்குக் கட்ட அலமாரியில இருந்து நூறு ரூபா எடுத்துக்கிட்டேன். வையாதீங்க" என்றார்.

ஜனாதிபதி முகம் சுண்டிவிட்டது. "என்னைக் கேக்காம எடுத்தியா?"

ஜீப் போய்விட்டது. அந்த அலமாரியில் அந்தம்மாவின் கூலியும்தானே இருந்திருக்கும்? நிதி மந்திரி நூறு ரூபாய் எடுக்கவே ஜனாதிபதி ஒப்புதல் வேணுமாம்!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பாடத்தில் கேஷியர், பார்ட்னர் என்று இரண்டு ஆசாமிகள் வருவார்கள். கேஷியர் கையில் நாளெல்லாம் பணம் புரளும். ஆனால் எதற்குச் செலவு செய்வது என்று அவர் முடிவு பண்ண முடியாது. கணக்கு இடித்தால் திட்டு மட்டும் அவருக்கு! பார்ட்னர் அப்படியில்லை. எதை வாங்கலாம், எங்கே கடன் வாங்கலாம் என்பதில் அவருக்கும் ஒரு ஓட்டு உண்டு.

நாம் மனைவிக்குக் கொடுத்திருப்பது கேஷியர் வேலை. வெளியே பீற்றிக்கொள்வது மந்திரி பதவி!

"சம்பளத்தை அப்படியே அவ கையில கொடுத்துடறேனே..." என்கிறீர்களா? சரி சார். அரிசி, பருப்பு, கேஸ், ஸ்கூல் ஃபீஸ்... துண்டு விழுகிற பட்ஜெட் அவள் பொறுப்பு. வண்டி, மனை, சீட்டு எல்லாம் நம் முடிவு. அவள் நகையை அடகு வைக்கும்போது மட்டும் அது 'நம்ம நகை'!

சட்டம் நம்மைவிட நாலு எட்டு முன்னால் போய்விட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்தார். பிற்பாடு, 'சொத்தெல்லாம் என் பணம்' என்று கணவர் கோர்ட்டுக்குப் போனார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே அவருக்கும் சரிபாதி என்பது தீர்ப்பின் சாரம்.

எங்கள் கோம்பை, நாய்க்குப் பேர் போன ஊர். சொத்தைக் காவல் காக்கும், பங்கு கேட்காது. பெண்டாட்டியும் அப்படியே இருக்கணும்னா எப்படி சார்?

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, ஒரு கோடிக்கு மேல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பணம் அவரவர் வங்கிக் கணக்குக்கே. 2025 ஏப்ரல் முதல், பெண் பேரில் 10 லட்ச ரூபாய் வரை சொத்து பதிந்தால் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைவு. உடனே நம்மாள் மனைவி பேரில் பத்திரம் போட ஓடுகிறார். இடம் எந்த ஊரில் என்பதே அந்தம்மாவுக்கு ரெஜிஸ்தர் ஆபீஸில்தான் தெரிகிறது!

பேர் அவளுடையது. முடிவு நம்முடையது.

ஊருக்கு உபதேசம் போதும் என்று வீட்டுக்கு வந்து என் பர்ஸைத் திறந்தேன். பகீரென்றது. மனைவி பேரில் உள்ள ஏ.டி.எம். கார்டு அதில் இருந்தது. பின் நம்பரும் எனக்கு மட்டும்தான் தெரியும்!

கார்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வாங்கியவள் கேட்டாள்: "சரி... இப்ப எவ்வளவு எடுத்துட்டு வரணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. நீங்களும் உங்கள் பர்ஸை ஒரு தடவை திறந்து பாருங்கள் சார்!