கடைசி வண்டி கொண்டுபோகும் கொடி

அமெரிக்காவில் சாலை வேலை நடக்கும் இடத்தில் கொடி காட்டுபவர் கையில் பெரும்பாலும் கொடி இருப்பதில்லை. நீண்ட காம்பில் பொருத்திய எண்கோணப் பலகைதான் இருக்கும். ஒரு பக்கம் சிவப்பில் ‘நில்’, திருப்பினால் ஆரஞ்சில் ‘மெதுவாக’. குறைந்தது 18 அங்குல அகலம், 6 அங்குல உயர எழுத்துகள். 1935இல் முதல் பதிப்பு கண்ட அந்நாட்டுப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டின் கணக்கு இது. துணிக்கொடி அவசரத்துக்கு மட்டும்தான். காற்றில் துணி சுருண்டுகொள்ளும், பலகை சுருளாது.

நிற்க வேண்டிய இடம் சாலையோரம், அதுவும் தனியாக. பக்கத்தில் நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு அவரும் கூட்டத்தில் ஒருவர். முதல் வண்டி நின்ற பிறகுதான் பாதைக்குள் கால் வைக்கலாம். 55 மைல் வேகச் சாலையில் வண்டி நிற்கவே 495 அடி பிடிக்கும் என்பதால், அவ்வளவு தூரத்திலிருந்தே அவர் தெரிந்தாக வேண்டும். நிற்காமல் வரும் வண்டிக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதையும் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். தடுப்புச்சுவருக்கும் ரோடு ரோலருக்கும் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க ஏது வழி?

எல்லாவற்றிலும் சுவையானது, 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கும் கொடி மாற்றும் முறை. ஒரே ஒரு பாதைதான் திறந்திருக்கிறது. இரு முனைகளிலும் நிற்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியவில்லை. அப்போது, இந்த முனையிலிருந்து போகும் கடைசி வண்டி ஓட்டுநரிடம் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது கைக்கு வந்து சேர்ந்ததும் அந்த முனைக்காரர் தன் பக்கத்து வண்டிகளை விடுவார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் டிரைவர், பிரம்பு வளையத்தில் வரும் டோக்கனைக் கைநீட்டி வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆனால் ரயில் டோக்கனுக்குப் பூட்டுப்போட்ட கருவி காவல். இங்கே காவல், முன்பின் தெரியாத ஓட்டுநரின் பொறுப்புணர்ச்சிதான். கொடி போன பிறகு பின்னால் ஒரு பைக் நைசாக நுழைந்துவிட்டால் கணக்கே குலைந்துவிடும். அதனால்தான் இதைப் பெரும்பாலும் ஒரு மைலுக்கு மேற்படாத நீளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு.

நம் நாட்டிலும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் கிழிந்த சிவப்புத் துணியோடு ஒருவர் வெயிலில் நிற்கிறார். “நின்னு கைய காட்டு” என்பதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிற அவசரம் வேறு நமக்கு. ஒளிரும் சட்டையும் பலகையும் ஒரு லோடு ஜல்லி விலைகூட ஆகாது. அதற்கு டெண்டரில் தனித் தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று, வேலை தொடங்கும் முன் பொறியாளர் ஒரு வார்த்தை கேட்கலாம்.