உங்களுக்குத் தெரியுமா? பலாக்கொட்டை அடையாளம் காணும் சர்க்கரை

பண்ருட்டிப் பலாவில் சுளைக்குத்தான் மதிப்பு. கடலூரிலும் சிதம்பரத்திலும் கொட்டை சாம்பாரோடு சரி. நோய் எதிர்ப்பு ஆய்வுக்கூடங்களில் நிலைமை தலைகீழ். கொட்டையிலுள்ள ஜாக்கலின் என்ற புரதம் காலக்டோஸ் என்னும் எளிய சர்க்கரையைத் தேடிப் பற்றிக்கொள்ளும். எச்சில், கண்ணீர், தாய்ப்பால் ஆகியவற்றில் காவல் நிற்கும் ஐஜிஏ ஆன்டிபாடியில் இரண்டு வகை உண்டு. முதல் வகையின் கீல் பகுதியில் காலக்டோஸ் ஏந்திய சர்க்கரைக் கிளைகள் இருக்கின்றன. இரண்டாம் வகையில் அவை இல்லை. அதனால் இரண்டும் கலந்த கரைசலிலிருந்து முதல் வகையை மட்டும் பிரித்தெடுக்க ஜாக்கலினையே பயன்படுத்துகிறார்கள். அது சர்க்கரையைப் பிடிக்கும் விதத்தை 1996-இல் அணு அளவில் காட்டியது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு.

ஆக, சர்க்கரை வெறும் எரிபொருள் அல்ல, அடையாளமும்கூட. அந்தக் கிளைகள் வெறும் ஒட்டு அலங்காரமாக இருக்கலாமே என்றால், ஐஜிஏ சிறுநீரக நோய் அதை மறுக்கிறது: அதில் பல ஐஜிஏ மூலக்கூறுகளின் கீலில் காலக்டோஸ் விடுபட்டிருக்கும், உடல் அவற்றை அந்நியமாகக் கருதித் தாக்க, உண்டாகும் திரள்கள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து வீக்கம் தருகின்றன. காலக்டோஸ் தரும் பாலைக் குடித்தால் குறை தீருமா? தீராது. காலக்டோஸை உடலே குளுக்கோஸிலிருந்து செய்துகொள்ளும். பழுது, அதைக் கோக்கும் நொதி வேலையில். பலாக்கொட்டையும் மருந்தல்ல, கொதியில் ஜாக்கலின் செயலிழந்துவிடும், சாம்பாரின் ருசி மட்டும் மிஞ்சும்.