மரக்கல மாதிரிக்கு ஏற்ற மெருகு

அரபிக் கடலோடிய 'உரு' என்னும் பாய்மரக் கலங்களின் சிறு மாதிரிகளைக் கேரளத்துப் பேப்பூரில் இன்றும் மரத்தில் செய்து வருகின்றனர். அத்தகைய மாதிரிக்கு எம்மெருகு தகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூலக்கலத்தின் வழக்கை முதற்கண் நோக்குதல் வேண்டும். நீர்மட்டத்திற்கு மேலுள்ள பலகைகளுக்கு மீனெண்ணெய் பூசினர். கீழ்ப்பகுதிக்குச் சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்துப் பூசினர். ஆதலின் மேலே மங்கிய பழுப்பும் கீழே வெண்மையும் அமைந்தன. கண்ணாடிபோல் மின்னும் பளபளப்பு அக்கலங்களுக்கு உரியதன்று.

இனி மூன்று பூச்சுகளை ஒப்பிடுவோம். ஆளிவிதை எண்ணெய் மரத்தினுள் ஊறி ரேகைகளைத் துலக்கும். எனினும் உலர நாள் பல ஆகும். அது தோய்ந்த துணியைச் சுருட்டி வைப்பின் தானே தீப்பற்றவுங்கூடும். பாலியூரித்தேன் வார்னிஷ் வலியது. ஆயினும் தடித்துப் படிந்து நுண்வேலையை மூடிவிடும். பின்னர் நீக்குதலும் அரிது. எரிசாராயத்தில் கரைத்த அரக்கையே தச்சர் பிரெஞ்சு பாலிஷ் என்பர். அது விரைந்து உலரும். நீரும் வெப்பமும் அதற்குப் பகை. எனினும் பேழையுள் நிற்கும் மாதிரிக்கு அவ்விடர் குறைவு.

ஆகவே, அடிப்பகுதிக்கு மங்கிய வெண்ணிறம் தீட்டி, மேற்பகுதிக்கு நீர்த்த அரக்கை இருமுறை பூசி, காய்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் மினுக்கத்தைத் தணித்தலே தக்கது என்பது எம் முடிபு. பிற்காலத்தில் பழுது நேரினும், எரிசாராயங்கொண்டு அப்பூச்சை அகற்றி, மரத்துக்கு ஊறின்றிச் செப்பனிடலாம்.