மகளுக்கு வயல், மகனுக்கு வழி

சென்ற பொங்கல் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய மறுவாரம் என் தந்தையாரிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே முத்திரைத் தாளில் எழுதிய பத்திரம் ஒன்று. தஞ்சை மாவட்டத்தில் எங்கள் பாட்டனார் உழுத வயலை விற்கப் போகிறார்களாம்; வாங்குவோர், வீட்டுப் பெண்மக்களும் கையொப்பமிட வேண்டும் என்கிறார்களாம். எனக்கு அகவை இருபத்து மூன்று. பிறந்து வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். அந்த வயலை இருமுறை கண்டதுண்டு. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை, அதை விட்டுக்கொடுக்கச் சொன்ன தாளிலிருந்துதான் அறிந்தேன்!

பத்திரத்தை என் அறைத்தோழியிடம் காட்டினேன். அவள் இந்தோனேசிய நாட்டினள், மேற்குச் சுமத்திராவில் பாத்துசங்கார் நகருக்கு அருகில் ஒரு சிற்றூர், மினாங்கபாவு இனம். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கள் ஊரில் நிலம் ஆண்கள் கையில், பெண்களிடம் கையொப்பம் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் நிலம் பெண்களுடையது, ஆண்களிடம் இசைவு கேட்கிறோம்" என்றாள்.

நண்பர்களே, அப்படியும் ஓர் ஊர் உண்டா என்று நீங்கள் வியக்கலாம். நானும் வியந்தேன். அன்று முதல் பல இரவுகள் அவள் சொல்லக் கேட்டவற்றையும், நூலகத்தில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

ஊரும் வயிறும்

மினாங்கபாவு மக்களின் மலைநாடு மராப்பி எரிமலையைச் சூழ்ந்து கிடக்கிறது. சரிவுகளில் படிப்படியாக நெல்வயல்கள். மேட்டில் காப்பியும் இலவங்கப்பட்டையும். ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் 'நாகரி'. நாம் நகர், நகரி என்று வழங்கும் சொல்லேதான். சொத்துக்கு 'ஹர்த்தா' என்பர். அது வடமொழி 'அர்த்த'த்தின் வழிவந்தது. பதினான்காம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட ஆதித்தியவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, நீர்க்கால் வெட்டியதைக் குறிப்பது, சுருவாசோ என்னும் ஊரருகே உள்ளது. அதன் ஒரு பகுதி நம் தென்னாட்டுக் கிரந்த எழுத்தில் அமைந்தது. வாய்க்காலைப் பற்றிய செய்தியில் நம் எழுத்தும் கலந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒவ்வொரு நாகரியிலும் பல குலங்கள் உண்டு. குலத்தைச் 'சுக்கு' என்பர். (கசாயத்தில் போடும் சுக்கு அன்று!) கோத்தோ, பிலியாங், போடி, சானியாகோ என்னும் நான்கும் மூலக் குலங்கள் என்பது அவர்கள் மரபு. குலத்தின் உட்பிரிவுக்குப் 'பாருய்க்' என்று பெயர். அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் வயிறு. 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்' என்று நாம் உடன்பிறந்தாரைச் சொல்கிறோம் அல்லவா? அவர்கள் ஒரு மூதாட்டியின் வழிவந்தோர் அனைவரையும் ஒரே வயிறு என்கிறார்கள். ஒரே குலத்தில் மணம் முடித்தல் கூடாது.

குலம் தாய்வழியே வரும். மரபியல் மாணவியாகிய எனக்கு இதனை விளங்கிக்கொள்ள ஓர் உவமை எளிதாகக் கிடைத்தது. நம் உயிரணுவின் கருவில் உள்ள மரபுப்பொருள் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. மைட்டோகாண்டிரியாவில் உள்ள மரபுப்பொருளோ தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனும் அதைப் பெறுகிறான். ஆயினும் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. மகள் பெறுகிறாள், கொடுக்கவும் செய்கிறாள். மினாங்கபாவுக் குலமும் அத்தகையதே. குலத்தின் வயலும் அத்தகையதே. மகன் அதில் விளைந்ததை உண்ணலாம். தன் மக்களுக்கு வைத்துப் போதல் இயலாது.

பெரிய வீடு

பழைய முறைப்படி ஒரு வயிற்றார் வாழ்ந்த இல்லம் 'ருமா காடாங்', அதாவது பெரிய வீடு. அதன் கூரை இருபுறமும் எருமைக்கொம்புபோல் வளைந்து உயர்ந்து நிற்கும். முன்புறம் நீண்ட கூடம். பின்புறம் வரிசையாக அறைகள். மணமான பெண்களுக்கு ஆளுக்கோர் அறை. வீட்டின் முன் நெற்களஞ்சியங்கள். ஆண்பிள்ளைக்கு அவ்வீட்டில் அறை இல்லை! சிறுவன் சற்று வளர்ந்ததும் 'சூராவ்' என்னும் தொழுகையிடத்தில் சென்று உறங்குவான்; அங்கேயே ஓதுவான். மணமானபின் மனைவி வீட்டுக்கு இரவில் சென்று தங்குவான். பகலில் தன் தாய்வீட்டு வயலுக்கு வந்து உழைப்பான். மனைவி வீட்டில் அவன் மதிப்புக்குரிய விருந்தினன். மரத்தின் அடிக்கட்டைமேல் படிந்த சாம்பல், காற்றடித்தால் பறந்துபோகும் என்று கணவனைக் குறிப்பது அவர்கள் பழமொழி. இன்று பெரும்பாலோர் கணவன், மனைவி, மக்கள் எனத் தனி வீட்டில் வாழ்கின்றனர். வீட்டின் வடிவம் மாறினாலும் வயலின் முறை மாறவில்லை என்கிறாள் தோழி.

அப்படியானால் அது பெண்ணாட்சியா? அன்று. இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். குலத்தலைவர் 'பாங்குலு' ஆண்மகனே. ஒரு வயிற்றாரின் சொத்தை மேற்பார்ப்பவர் 'மாமாக்', அதாவது தாய்மாமன். நம் 'மாமன்' காதில் ஒலிக்கிறது. ஆனால் ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டே உறவு பேசுதல் அறிவியலாகாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மாமனுக்கு மேற்பார்வை உண்டு, உடைமை இல்லை. பெண்களுக்கு உடைமை உண்டு; தனித்து விற்கும் உரிமை இல்லை. மாமன் சோம்பினால் குடும்பம் வாடும். மாமன் தன்னலக்காரனாயின் வழக்கு மூளும். முதுபெண்டிரின் இசைவின்றி அவனும் ஒரு வரப்பைக்கூட அசைக்க முடியாது.

இருவகைச் சொத்து

அவர்கள் சொத்தை இரண்டாகப் பகுப்பர். தலைமுறை தலைமுறையாகத் தாய்வழி வந்தது உயர்மரபுச் சொத்து. 'புசாக்கா திங்கி' என்று பெயர். தாயும் தந்தையும் தம் உழைப்பால் தேடி வைத்துச் சென்றது தாழ்மரபுச் சொத்து, 'புசாக்கா ரெண்டா'.

முதல்வகை யாருக்கும் தனியே சொந்தமன்று. வயிறு முழுமைக்கும் பொது. ஆயினும் எல்லாரும் சேர்ந்து ஒரே வயலில் நிற்க முடியுமா? ஆகவே ஒவ்வொரு பெண்ணுக்கும் இந்த வயல், இந்தத் தென்னை என்று ஒதுக்கிவிடுவர். அவள் பயிரிடுவாள், உண்பாள், தன் மகளுக்குக் கைமாற்றுவாள். விற்க மட்டும் கூடாது.

விற்கலாகாது, சரி. இடுக்கண் வந்தால் என் செய்வது? அதற்கும் வழி வகுத்திருக்கிறார்கள். நிலத்தை 'காடாய்' வைக்கலாம். நம் ஊர் ஒற்றியேதான் அது! பணமோ பொன்னோ கொடுத்தவன் வயலை உழுது விளைவை எடுத்துக்கொள்வான். வாங்கிய அளவைத் திருப்பிக் கொடுத்த அன்று வயல் திரும்பும். அந்த ஒற்றிக்கும் நான்கே காரணங்களை மரபு ஏற்கிறது. வீட்டில் பிணம் கிடந்து எடுக்க வழியில்லாமை ஒன்று. வயதுவந்த பெண்ணுக்கு மணம் முடிக்க இயலாமை இரண்டு. பெரிய வீட்டின் கூரை ஒழுகுதல் மூன்று. குலத்தலைவர் பட்டம் ஏற்பாரின்றிக் கிடந்து, அதை மீண்டும் நிறுவ வேண்டியிருத்தல் நான்கு. இவற்றிற்கும் வயிற்றார் அனைவரும் கூடி ஒருமனப்பட வேண்டும்.

சமயமும் மரபும்

மினாங்கபாவு மக்கள் பற்றுமிக்க முசுலீம்கள். இசுலாமிய வாரிசு முறையிலோ மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இரண்டும் எவ்வாறு பொருந்தும்? எளிதில் பொருந்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமயச் சீர்திருத்தம் வேண்டிய பாதிரி இயக்கத்தாரும் மரபுத் தலைவர்களும் போரிட்டனர். டச்சுக்காரர் உள்ளே புகுந்தனர். 1837இல் போஞ்ஜோல் கோட்டை அவர்கள் வசமாயிற்று. பின்னர் மெக்காவில் வாழ்ந்த மினாங்கபாவு அறிஞர் அகமது காத்திபு தாய்வழிச் சொத்து முறையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

1952இல் புக்கித்திங்கியில் சமய அறிஞரும் மரபுத் தலைவரும் கூடி ஓர் உடன்பாடு கண்டனர். உயர்மரபுச் சொத்து தாய்வழியே செல்க. தேடிய சொத்து சமயச் சட்டப்படி மக்களுக்குச் செல்க. எவ்வளவு அறிவார்ந்த தீர்வு! தாய்வழி வயல் யாருடைய தனியுடைமையும் அன்று. ஆகவே இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தாகவும் அது ஆகாது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். தந்தை தன் உழைப்பை மக்களுக்குத் தரும் வழியை அவ்வுடன்பாடு உறுதிசெய்தது.

சட்டமும் சான்றிதழும்

1960ஆம் ஆண்டு நிலவியல் அடிப்படைச் சட்டம், நாட்டு நலனுக்கு மாறாகாத அளவில், ஊர்ப்பொது நிலவுரிமையை ஏற்றது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், ஏழாண்டு கடந்த வேளாண் நில ஒற்றியைப் பணமின்றித் திருப்ப வேண்டும் என்றது. 1979இல் ஊராட்சிச் சட்டம் நாடெங்கும் ஒரே வகை 'தேசா'வைப் புகுத்தியதால் நாகரி சிதறிற்று. 2000ஆம் ஆண்டு மாநில ஒழுங்குமுறையால் மீண்டது. இன்றைய கேள்வி வேறு: நிலத்தைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினால் யார் பெயரில் வாங்குவது? தாளில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் நூறு பேர் வயல் ஒருவர் வயலாகிவிடுமே! நம் கேரளத்தில் மருமக்கள்தாயத் தரவாட்டின் பொதுச்சொத்து, 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனித்தனிப் பங்காய்ப் பிரிந்ததை இங்கே நினைவுகூரலாம்.

மகனுக்கு வழி

வயல் மகளுக்கு, மகனுக்கு என்ன? வழி! இளைஞன் ஊரைவிட்டு வெளியேறிப் பொருளும் கல்வியும் தேடி வருவது அவர்கள் மரபு. அதனை 'மெரந்தாவ்' என்பர். இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் முகம்மது ஹத்தாவும், முதல் தலைமையமைச்சர் சுத்தான் ஷாரிரும் இவ்வினத்தவரே. இன்று பெண்களும் புறப்படுகின்றனர். என் தோழியே சான்று.

ஆனால் வழியின் மறுபுறம் கண்ணீரும் உண்டு. ஹம்கா என்னும் எழுத்தாளர் 1930களில் எழுதிய, 'வான் டெர் வைக்' கப்பல் மூழ்கியதைப் பற்றிய புதினத்தில் தலைவனின் தந்தை மினாங்கபாவு, தாய் வேற்றினம். தந்தையின் ஊருக்கு வந்தும் அவனுக்கு அங்கே குலமில்லை, அவன் அயலானே. வெளிமாநிலத்தில் பிறந்து, விடுமுறைக்குத் தமிழகம் சென்று, "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு விடை சொல்லத் தடுமாறிய நம்மவர்க்கு அவன் துயர் புரியும்.

தோழி ஒன்று சொன்னாள். அவள் பாடாங் நகரில் பட்டம் பயில, அவள் தாய்க்கு ஒதுக்கிய வயல்களில் ஒன்றை ஒற்றி வைத்தார்களாம். "கல்வி அந்த நான்கு காரணங்களில் இல்லையே?" என்றேன். "இல்லைதான். மாமா எல்லாரையும் கூட்டினார். பாட்டி எழுந்து, கூரை ஒழுகினால் ஒற்றி வைக்கலாம் என்றால், பிள்ளையின் தலை காலியாய் இருப்பதும் ஒழுகும் கூரைதானே என்றாள். எல்லாரும் சிரித்து ஒப்பினார்கள். வாங்கியது பொன், பொன்விலை ஏறிக்கொண்டே போகிறது. வேலை கிடைத்ததும் முதற்கடன் அதுதான். நான் மீட்காவிட்டால் என் தங்கையின் மகளுக்கு வயல் இல்லை" என்றாள். அவ்வளவு தொலைவில் இருந்தும் அவள் நாள்தோறும் ஒரு வயலைச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

என் மேசையில் அந்தப் பத்திரம் இன்னும் கிடக்கிறது. 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை தந்ததால் அல்லவா அது என்னைத் தேடி வந்தது? என் அத்தைமார் எவரையும் எவரும் கேட்டதில்லை. தந்தையாருக்குப் பணத்தேவை உண்டு. அதை நான் அறிவேன். கையொப்பமிட மறுக்கவும் இல்லை, இடவும் இல்லை. "வயலை ஒருமுறை நேரில் காண வேண்டும். அத்தைமாரையும் அழையுங்கள், எல்லாரும் கூடிப் பேசுவோம்" என்று எழுதியிருக்கிறேன். மே மாத விடுமுறைக்குத் தஞ்சைக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். தோழியும் உடன் வருகிறாள்.