கரன்ட் போனா சோலாரும் போகும்!

மொட்டை மாடியில 3 கிலோவாட் சோலார். உச்சி வெயில் மண்டையைப் பிளக்குது. திடீர்னு இ.பி. கரன்ட் கட். அந்த நிமிஷமே வீட்டு ஃபேனும் நின்னுடும்! 'இதுக்கா இவ்வளவு காசைக் கொட்டினோம்?'னு அப்பா கொந்தளிச்சா நியாயம்தான். ஆனா, அது ரிப்பேர் இல்லை பாஸ். வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க.

கம்பத்துல ஏறி நிக்கிற லைன்மேனை நினைச்சுப் பாருங்க. 'லைன்ல கரன்ட் இல்லை'னு நம்பித்தான் கம்பியில கை வைக்கிறார். அந்த நேரம் பார்த்து உங்க மாடியில இருந்து கரன்ட் தெருவுக்குத் திரும்பிப் போனா? அதனாலதான் லைன் செத்ததும் 2 விநாடிக்குள்ள சோலார் இன்வெர்ட்டர் தானா விலகிடணும். பேரு, 'ஆன்ட்டி ஐலேண்டிங்'. மத்திய மின்சார ஆணையம் 2013-லயே விதியாக்கிடுச்சு.

வெயிலுக்கு விருதுநகர் மாவட்டத்துல பஞ்சமே இல்லை. தீப்பெட்டி, பட்டாசு, அச்சுனு சிவகாசியோட மூணு தொழிலும் காய்ஞ்ச பூமியை நம்பி வளர்ந்ததுதான். பக்கத்து மாவட்டத்து கமுதியில 2016-லயே 648 மெகாவாட் சோலார் வந்தாச்சு. வீடுகளுக்கு, 2024-ல சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு மத்திய அரசு அறிவிச்சது. மிச்ச கரன்ட்டை இ.பி.க்கே தள்ளிவிட்டா, இருவழி மீட்டர் கணக்கு வெச்சுக்கும்.

விஷயமே மெயின் போர்டுலதான் இருக்கு. இன்வெர்ட்டர்ல இருந்து வர்ற ஒயர், தனக்குன்னு ஒரு எம்.சி.பி.யோட நேரா அங்கேதான் சேரணும். 'ஹால்ல பிளக் பாயின்ட் சும்மாதானே கிடக்கு, சொருகிடலாம்'னு யாராவது ஐடியா கொடுத்தா, எஸ்கேப் ஆகிடுங்க! 3 கிலோவாட்னா சுமார் 13 ஆம்பியர். ஹால் லைனோட எம்.சி.பி. 16 ஆம்பியர்னு வைங்க. போர்டு பக்கமிருந்து 16, சோலார்ல இருந்து 13. லோடு ஏறினா ஒரே ஒயர்ல 29 ஆம்பியர் ஓடலாம். ஆனா, எம்.சி.பி. பார்க்கிறது தன் வழியா போற 16-ஐ மட்டும்தான். அது ட்ரிப் ஆகாது, சுவத்துக்குள்ள ஒயர் வேகும். ஒரு பொறி என்ன பண்ணும்னு சிவகாசிக்காரங்களுக்குச் சொல்லியா தரணும்?

கரன்ட் போனாலும் ஃபேன் சுத்தணுமா? ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். அது முதல்ல தெரு லைனை வெட்டிவிட்டுட்டு, நீங்க ஒதுக்கின லைட், ஃபேனுக்கு மட்டும் சப்ளை கொடுக்கும். செலவு எகிறும், அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

சாதாரண கனெக்‌ஷன்னா, வேலை முடிஞ்சதும் ஒரு சின்ன டெஸ்ட். மாட்ட வந்தவரையே பட்டப்பகல்ல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் சப்ளையை உடனே நிறுத்தணும். திரும்ப ஆன் பண்ணினா, கொஞ்ச நேரம் லைனை நோட்டம் விட்டுட்டுத்தான் கிளம்பணும். மெயின் ஆஃப்ல இருக்கும்போதும் ஃபேன் ஜாலியா சுத்துச்சுன்னா, பில்லுக்குப் பணம் கொடுக்காதீங்க.